புள்ளி வைக்காத ஓலையும் ராகிப் புரதமும்

அல்சூரில் இருக்கும் என் சித்தப்பா எச்.ஏ.எல்-லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். ரிப்போர்ட் கைக்கு வந்த ஐந்தாவது நிமிடம் அது என் வாட்ஸப்புக்கும் வந்துவிடும். போன முறை எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் அளவு, 7.4 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, டெஸ்டுக்கு முந்தின ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன். ஒரு வாரமா வாயைக் கட்டித்தான் இருந்தேன். அப்புறம் எப்படி இது மூணு மாசத்துக் கணக்கைச் சொல்லுது?"

நான் பெங்களூரின் வடக்கு மூலையில் உள்ள ஓர் ஆய்வகத்தில் புரதங்களை எடைபோடும் இயந்திரத்தை ஓட்டுகிறவள். என் வேலை என்ன என்று சொந்தக்காரர்களுக்குப் பலமுறை விளக்கித் தோற்றிருக்கிறேன். அன்று சித்தப்பாவே வாசலைத் திறந்துவிட்டார்.

ரத்தச் சிவப்பணுவுக்குள் இருப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள், மாலையில் கோத்த மணிகள்போல வரிசையாக இருக்கும். எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதை மரபணு எழுதிவைத்திருக்கிறது. முதல் மணி வாலின். ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகம் சுற்றினால் அது இந்த வாலின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் சங்கிலியின் எடை 15,867 டால்டனிலிருந்து 16,029-க்கு ஏறும். டால்டன் என்பது அணு அளவிலான எடைக்கு உள்ள அலகு. ஹைட்ரஜன் அணு ஒன்று ஏறக்குறைய 1 டால்டன். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் இன்று உடம்பில் ஓடும் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு சர்க்கரை ஏறியது என்று எண்ணினால், கடந்த சில மாதங்களின் கணக்கு அகப்பட்டுவிடும். ஒரு வாரம் வாயைக் கட்டினால் அது அவ்வளவாகக் குறையாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சர்க்கரையை மரபணு எழுதவில்லை. சித்தப்பாவின் டி.என்.ஏ-வை முழுக்கப் படித்தாலும் 7.4 என்ற எண் அதில் கிடைக்காது. புரதம் உருவான பிறகு அதன்மேல் ஏறிய குறி அது. அரிவாள் செல் நோய் இதற்கு நேர் எதிர். அங்கேயும் அதே பீட்டா சங்கிலிதான்; ஆனால் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் வந்துவிடுகிறது, எடை 30 குறைகிறது. அது மரபணுவிலேயே எழுதப்பட்ட எழுத்து மாற்றம். முன்னது புள்ளி, பின்னது எழுத்து.

புள்ளி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். பாடப்புத்தகத்தில் இதற்கு "மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம்" என்று பெயர். மூச்சு வாங்கும் சொல். ஆய்வகத்தில் தமிழ் பேசுகிறவர்கள்கூட மாடிஃபிகேஷன் என்றுதான் சொல்வோம். எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வரும். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். கல்வி என்று எழுத நினைத்தவர் எழுதியது ஓலையில் கலவி என்றுதான் நிற்கும். இடம் பார்த்து, பொருள் பார்த்து, படிக்கிறவர்தான் புள்ளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மரபணுவும் அப்படிப் புள்ளியில்லாத ஓலை. அதில் எழுத்து இருக்கிறது. எங்கே பாஸ்பேட் ஏறும், எங்கே சர்க்கரை ஏறும் என்ற புள்ளிகள் செல்லுக்குள் பின்னால் வைக்கப்படுகின்றன.

புள்ளியால் பொருளே மாறிப்போவதை அடுக்களையிலேயே பார்க்கலாம். பாலில் உள்ள கேசின் புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலங்கள் மேல் பாஸ்பேட் ஏறியிருக்கும். அந்தப் பாஸ்பேட்டுகள்தான் கால்சியத்தைப் பிடித்துவைக்கின்றன. அவை இல்லாவிட்டால் இவ்வளவு கால்சியம் பாலில் கரைந்தாற்போல நிற்காது, அடியில் தங்கிவிடும். இன்னொன்று கொலாஜன். தோலுக்கும் எலும்புக்கும் வலு தரும் இந்தப் புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு என்று 1954-இல் சென்னையிலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் எழுதினார்கள். புரோலின்கள் மேல் ஓர் ஆக்சிஜன் ஏறினால்தான் அந்தக் கயிறு உறுதியாக நிற்கும், ஆக்சிஜனை ஏற்றும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். பழம், காய் காணாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது இந்தப் புள்ளி விழாததால்தான்.

சரி, புள்ளியை எப்படிப் படிப்பது?

எங்கள் வேலை இடிப்பதில் தொடங்கும். இலை என்றால் திரவ நைட்ரஜன் ஊற்றி, கல்லுரலில் மாவாக இடிப்போம். அதிலிருந்து புரதத்தைப் பிரித்து, டிரிப்சின் என்ற நொதியை ஊற்றி இரவு முழுக்க வைப்போம். டிரிப்சின் லைசின், அர்ஜினின் என்ற இரண்டு மணிகளுக்கு அடுத்து மட்டும் வெட்டும். காலையில் பார்த்தால் நீளமான சங்கிலிகள் எல்லாம் பெப்டைடு என்ற சிறு துண்டுகளாகியிருக்கும். அந்தக் கரைசலை மெல்லிய ஊசி முனையில் மின்னழுத்தம் கொடுத்துத் தூவினால் துண்டுகள் மின்னேற்றத்தோடு காற்றில் பறக்கும். இந்த வித்தைக்காக ஜான் ஃபென்னுக்கு 2002-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பறக்கும் துண்டுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ளே இழுத்து எடைபோடும். ஒவ்வொன்றாகப் பிடித்து உடைத்து, உடைந்த சில்லுகளையும் எடைபோடும்.

கவனியுங்கள், இயந்திரம் எழுத்தைப் படிப்பதில்லை. எடையை மட்டும் சொல்கிறது. எழுத்தாக மாற்றுவது மென்பொருள், அதற்கு ஓர் அகராதி வேண்டும். அந்த உயிரியில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன, வெட்டினால் எந்த எடையில் துண்டுகள் வரும் என்ற முழுப் பட்டியல்தான் அகராதி. வந்த எடை பட்டியலில் உள்ள எடையோடு பொருந்தினால் பெயர் கிடைக்கும். பொருந்தாத துண்டு, எவ்வளவு தெளிவாக எடைபோடப்பட்டிருந்தாலும், பெயரில்லாமல் ஓரமாகக் கிடக்கும்.

மனிதனுக்கு அகராதி இருக்கிறது. புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000, எல்லாம் பலமுறை சரிபார்த்தவை. ரொட்டி ஈஸ்டுக்கு 1996-இலேயே மரபணுத்தொகுதி வந்துவிட்டது. ஈ.கோலி பாக்டீரியா, பழ ஈ, சுண்டெலி, அராபிடாப்சிஸ் என்ற கடுகு இனத்துச் சிறு செடி, இப்படி ஒரு சிறு கூட்டத்துக்கு எல்லாமே தயாராக இருக்கிறது. இவற்றை மாதிரி உயிரிகள் என்கிறோம். சீக்கிரம் வளரும், சின்ன இடத்தில் அடங்கும், மரபணுவை மாற்றினால் பிழைக்கும் என்பதால் தேர்ந்தெடுத்தவை. உலகத்திலேயே சுவாரசியமான உயிர்கள் இவைதான் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாதக்கணக்கில் தண்ணீர் காணாத செடி, நஞ்சால் மீனை மடக்கும் நத்தை, உறைந்த கடலில் ரத்தம் உறையாமல் நீந்தும் மீன் எல்லாம் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றின் புரதங்களைப் படிக்கப் போகிறவர் பக்கத்து ஊர் அகராதியைக் கடன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடன் அகராதியால் சில சொற்கள் விடுபடும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். விடுபடுவது சின்னத் தொல்லை. எழுத்து மாறியிருப்பதைப் புள்ளி என்று படித்துவிடுவதுதான் பெரிய தொல்லை.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு திருநெல்வேலிப் பெண் ராகி நாற்றுகளோடு வந்தாள். இரண்டு ரகம், ஒன்று வறட்சி தாங்கும், மற்றது தாங்காது. ஒவ்வொன்றிலும் பாதித் தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பாதியைக் காயவிட்டு, இலைப் புரதத்தில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது அவள் திட்டம். ராகிக்கு அகராதி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இங்கே பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் எம்எல்-365 என்ற ரகத்தின் மரபணுத்தொகுதியை 2017-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் அரிசியின் அகராதியை வைத்துக்கொண்டு ராகியைப் படித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் மடிக்கணினியோடு ஓடி வந்தாள். "அக்கா, கிடைச்சிடுச்சு!" வறட்சி தாங்கும் ரகத்தில் மட்டும் ஒரு பெப்டைடின் மெத்தியோனின் மேல் ஆக்சிஜன் ஏறியிருப்பதாக மென்பொருள் சொல்லியிருந்தது. எடை வித்தியாசம் 15.995. ஆக்சிஜன் அணு ஒன்றின் எடை அச்சொட்டாக அதுதான். வறட்சியில் செடிக்குள் ஆக்சிஜன் சார்ந்த சேதம் கூடும், மெத்தியோனின் எளிதில் அடிவாங்கும். கதை நன்றாகப் பொருந்தியது. எனக்கு அந்தப் பொருத்தமே உறுத்தியது.

தண்ணீர் ஊற்றிய தட்டுகளின் கோப்பைத் திறக்கச் சொன்னேன். அங்கேயும் அதே ஆக்சிஜன், கிட்டத்தட்ட அதே அளவு. வறட்சியால் வந்ததென்றால் தண்ணீர் குடித்த செடியில் அதற்கு என்ன வேலை?

அடுத்து அந்தப் பெப்டைடின் சில்லுகளைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அடுத்தடுத்த சில்லுகளின் எடையைக் கழித்தால் நடுவிலுள்ள எழுத்து தெரியும்: 131.040 என்றால் மெத்தியோனின், 71.037 என்றால் அலனின். இந்தப் பெப்டைடில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கூடுதல் 15.995 மெத்தியோனினுடையதா அலனினுடையதா என்று சொல்லக்கூடியது இரண்டுக்கும் நடுவே உடைந்த ஒரே ஒரு சில்லு. திரையில் அது இரைச்சலுக்குள் புதைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. ஆக்சிஜன் வந்தால் மெத்தியோனின் மேல்தான் போடலாம் என்று நாமே மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருந்தோம். அதுவும் சொன்னபடி போட்டுவிட்டது.

இன்னொரு சாட்சி இருந்தது. ஆக்சிஜன் ஏறிய மெத்தியோனினை உடைத்தால் 64 டால்டன் எடையுள்ள ஒரு துணுக்கு கழன்று விழும். கந்தகம் கலந்த துணுக்கு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கைரேகை மாதிரி. திரையில் ஒவ்வொரு எடையும் ஒரு சிகரமாகத் தெரியும்; 64 குறைந்த சிகரம் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினோம். இல்லவே இல்லை.

அப்படியானால் அந்த 15.995 எங்கிருந்து வந்தது? அலனினின் எடை 71.037. செரினின் எடை 87.032. கழித்துப் பாருங்கள். அகராதியில் அலனின் இருக்கும் இடத்தில் இந்த ரகத்தில் செரின் இருந்தால், ஆக்சிஜன் ஏறியதற்கும் அதற்கும் தராசில் வேறுபாடே கிடையாது. அகராதி எம்எல்-365 ரகத்தினுடையது, அவள் வளர்த்தது வேறு ரகம். போதாக்குறைக்கு ராகி நான்மடியம்; 36 குரோமோசோம்கள், இரண்டு மூதாதைச் செடிகளின் தொகுதிகள் ஒன்றுசேர்ந்தது. ஒரே புரதத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு மரபணுக்கள் இருக்கும். ஒன்றில் அலனினும் மற்றொன்றில் செரினும் இருந்தால் ஒரே இலையிலிருந்து "புள்ளி உள்ளது", "புள்ளி இல்லாதது" என்று இரண்டு வடிவமும் வரும். பார்க்கிறவருக்குப் பாதிப் புரதத்தில் ஆக்சிஜன் ஏறியதுபோலவே தோன்றும்.

அவள் முகம் வாடிவிட்டது. நானும் ஒரு காலத்தில் இதே பள்ளத்தில் விழுந்தவள்தான் என்று சொன்னேன். மத்திகெரேயில் ஒரு கடையில் மசால் தோசை வாங்கிக்கொடுத்தேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்படி வேடம் போடும் ஜோடிகள் நிறைய. மீத்தைல் ஏறினால் 14.016 கூடும். கிளைசின் இருந்த இடத்தில் அலனின் வந்தாலும், வாலின் இருந்த இடத்தில் லியூசின் வந்தாலும், செரினுக்குப் பதில் திரியோனின் வந்தாலும் அதே 14.016. அஸ்பராஜினிலிருந்து அமைடு கழன்றால் 0.984 கூடும், மரபணுவே அஸ்பார்டிக் அமிலம் என்று எழுதியிருந்தாலும் அதே 0.984. லியூசினும் ஐசோலியூசினும் இரட்டைப் பிறவிகள், இரண்டும் 113.084, சாதாரணமாக எடைபோட்டுப் பிரிக்கவே முடியாது. பாஸ்பேட் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அதன் எடை 79.966, கிளைசின் போய் ஹிஸ்டிடின் வந்தால் 80.037. நல்ல இயந்திரம் அந்த 0.07-ஐப் பிடித்துவிடும். பழைய இயந்திரங்கள் கோட்டைவிட்டிருக்கும்.

மனிதப் புரதத்தைப் படிக்கிறவருக்கும் இதெல்லாம் உண்டு, ஆனால் எப்போதாவதுதான். அகராதி உறுதியாக இருப்பதால், கூடுதலாக வந்த எடையைப் பெரும்பாலும் புள்ளி என்று நம்பலாம். ராகியிலோ நத்தையிலோ அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதனால் நான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: முதலில் எழுத்தை உறுதி செய், அப்புறம் புள்ளியைப் பற்றிப் பேசு.

எழுத்தை உறுதிசெய்ய இன்று ஓரளவு மலிவான வழி, அதே செடியிலிருந்து ஆர்.என்.ஏ எடுத்துப் படித்து, அந்தச் செடிக்கென்றே அகராதி தயாரிப்பது. முழு மரபணுத்தொகுதி தேவையில்லை. அந்த இலையில் அப்போது வேலைசெய்யும் மரபணுக்கள் தெரிந்தால் போதும். நம் திருநெல்வேலிப் பெண்ணும் அதைத்தான் செய்தாள். சந்தேகப்பட்ட இடத்தில், மரபணுவில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில், சில பிரதிகளில் டி என்ற எழுத்து இருந்தது. அலனினைச் செரின் ஆக்க அந்த ஓரெழுத்து போதும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் வரலாம். புள்ளியையே பிடித்து இழுப்பது. டைட்டானியம் டையாக்சைடு மணிகள் பாஸ்பேட் உள்ள பெப்டைடுகளைப் பிடித்துக்கொள்ளும். லெக்டின் என்ற புரதங்கள் சர்க்கரை ஏறிய புரதங்களைப் பிடிக்கும். அவற்றுக்கு எலியா, ராகியா, நத்தையா என்ற பேதம் கிடையாது, பாஸ்பேட் எங்கே இருந்தாலும் பாஸ்பேட்தான். ஆன்டிபாடிகள் விஷயத்தில் ஜாக்கிரதை. மனிதப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கென்று செய்த ஆன்டிபாடி, பக்கத்து எழுத்துகள் மாறியிருந்தால் அடையாளம் தெரியாமல் திகைக்கும். சில சமயம் வேறு எதையோ போய்ப் பிடிக்கும். விலை வேறு அதிகம்.

அகராதியே இல்லாமல் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதும் உண்டு. அதை ரசித்துச் செய்ய வேண்டுமென்றால் கூம்பு நத்தைகளிடம்தான் போக வேண்டும். ஓடு ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருக்கும், மேலே பூவேலை செய்தாற்போல அழகான கோலங்கள். உள்ளே இருப்பதோ ஈட்டிபோன்ற பல்லால் நஞ்சேற்றி மீனையும் புழுவையும் பிடிக்கும் வேடன். நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிடைக்கும் இந்த நத்தைகளின் நஞ்சை இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராமின் குழு பல ஆண்டுகள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் படித்தது. பெங்களூருக்குக் கடல் கிடையாது என்று யார் சொன்னது?

இந்த நஞ்சு சின்னச் சின்னப் பெப்டைடுகளின் கலவை. ஒரு நத்தையிலேயே நூற்றுக்கு மேல் இருக்கும். அளவில் சிறியவை, ஆனால் உடம்பெல்லாம் புள்ளி. புரோலினில் ஆக்சிஜன், குளூட்டமிக் அமிலத்தில் கூடுதல் கார்பாக்சில், வால் நுனியில் அமைடு, குறுக்கே கந்தகப் பாலங்கள். ஒரு பாலம் போட்டால் இரண்டு ஹைட்ரஜன் போகும், எடை 2.016 குறையும். கூடுதல் கார்பாக்சில் பொல்லாதது. எடைபோட உடைக்கும்போதே 44 டால்டன் கழன்று ஓடிவிடும், புள்ளி இருந்த தடமே அழிந்துபோகும்.

எனக்குப் பிடித்தது புரோமின். சில கூம்பு நத்தைப் பெப்டைடுகளில் டிரிப்டோஃபான் மேல் கடலிலிருந்து எடுத்த புரோமின் ஓர் அணு உட்கார்ந்திருக்கும். இயற்கையில் புரோமின் இரண்டு எடைகளில், 79, 81 என்று, ஏறக்குறைய சரிபாதியாகக் கிடைக்கிறது. அதனால் புரோமின் ஏறிய பெப்டைடு திரையில் ஒற்றைச் சிகரக் கூட்டமாக வராது. 2 டால்டன் இடைவெளி விட்டு, ஏறக்குறைய சம உயரத்தில் இரண்டு கோபுரங்கள் நிற்கும். எந்த அமினோ அமில மாற்றமும் இந்த வேடத்தைப் போட முடியாது. அகராதி இல்லாவிட்டாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இதே நஞ்சில் தராசை முழுக்க ஏமாற்றும் புள்ளியும் இருக்கிறது. சில பெப்டைடுகளில் ஓர் அமினோ அமிலம் இடக்கை வலக்கையாகத் திரும்பியிருக்கும், கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி. எடை துளியும் மாறாது. அதைப் பிடிக்க, இரண்டு வகையையும் செயற்கையாகச் செய்து, எது இயற்கையானதோடு ஒன்றாக நகர்கிறது என்று ஒப்பிட வேண்டும். இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டு. கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் 25 அமினோ அமிலப் பெப்டைடைப் பார்த்துச் செய்த சிகோனோடைடு என்ற வலி மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் நேராகச் செலுத்துகிறார்கள். அதன் வால் நுனியிலும் அந்த அமைடு இருக்கிறது.

பெங்களூர் என்றதும் கரப்பான்பூச்சிப் பாலைச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். 2016-இல் இங்குள்ள இன்ஸ்டெம் ஆய்வகத்தின் எஸ். ராமசாமி குழுவினர் டிப்ளோப்டெரா பங்டேட்டா என்ற, குட்டி போடும் கரப்பான்பூச்சியின் வயிற்றில் வளரும் கருவின் குடலுக்குள் தானாகவே உருவாகும் புரதப் படிகத்தின் அமைப்பை வெளியிட்டார்கள். பத்திரிகைகள் "எருமைப் பாலைவிடச் சத்து" என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடின. எனக்கு அதில் வியப்பு வேறு. அந்தப் படிகத்தில் இருந்தது ஒரே புரதத்தின் அச்சு நகல்கள் இல்லை. எழுத்து கொஞ்சம் கொஞ்சம் மாறிய பல வடிவங்கள், மேலே சர்க்கரைப் புள்ளிகள், உள்ளே கொழுப்பு. எழுத்து வேறுபாடும் புள்ளியும் இப்படி ஒன்றாகக் கலந்து கிடந்தும் அது படிகமாகியிருக்கிறது. பூச்சிக்கு இயல்பாக வருகிறது. நாங்கள் ஆய்வகத்தில் சுத்தமான ஒரே புரதத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படிகத்துக்குத் தவம் கிடப்போம்.

திருநெல்வேலிப் பெண்ணின் பட்டியல் புதிய அகராதியோடு திரும்ப ஓடியபோது பாதியாகச் சுருங்கிவிட்டது. மிச்சமிருப்பவற்றில் ஒரு பாஸ்பேட் காய்ந்த தட்டுகளில் மட்டும் வருகிறது, தண்ணீர் ஊற்றியவற்றில் இல்லை. எழுத்து இரண்டு பிரதியிலும் ஒன்றுதான், பார்த்துவிட்டோம். அதே பெப்டைடைப் பாஸ்பேட்டோடு செயற்கையாகச் செய்துதரக் கொடுத்திருக்கிறாள். வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தினமும் காலையில் வாசல் காவலரிடம் பார்சல் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.